பிள்ளைகள் கையில் வேலையைக் கொடுங்கள்

தவக்காலம் பாதி கழிவதற்குள் பேரங்காடிகளில் பிளாஸ்டிக் முட்டைகள் வந்து குவிந்துவிடுகின்றன. நாமும் கூடையோடு வாங்கி, உள்ளே சாக்லெட்டைத் திணித்து, ஈஸ்டர் காலையில் பிள்ளைகளைத் தேடவிட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறோம். மத்தியானத்துக்குள் சாக்லெட் தீர்ந்துவிடும். முட்டைகள் சோபாவுக்கு அடியில் உருண்டு கிடக்கும். பெற்றோரே, இதில் பிள்ளை செய்தது என்ன?

கேட்டால், நேரமில்லை என்கிறோம். பெரிய வெள்ளிக்கு சிங்கப்பூர் முழுவதும் விடுமுறை. மறுநாள் சனிக்கிழமை. ஒரு வாரம் துணைப்பாட வகுப்புக்குப் போகாவிட்டால் தொடக்கநிலைப் பிள்ளை கெட்டுப்போகாது. கைவேலைப் பெட்டி வாங்கித் தருகிறோமே என்று சிலர் சொல்கிறார்கள். வாங்கித் தந்து என்ன பயன்? பிள்ளை கோணலாக ஒட்டியதைப் பொறுக்காமல் பிடுங்கி, நாமே நேராக ஒட்டிக் கொடுக்கிறோம். ஆறு வயதுக் கை கோணலாகத்தான் ஒட்டும். விட்டுவிடுங்கள்.

முட்டைக்குச் சாயம் ஏற்ற வெங்காயத் தோல் போதும். தேக்கா சந்தையில் வெங்காயம் விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், சாக்கின் அடியில் எவ்வளவோ கிடக்கும். நான்கைந்து கைப்பிடித் தோலைத் தண்ணீரில் போட்டு, நீர் கருஞ்சிவப்பாகும்வரை கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். அடுப்பு வேலை உங்களுடையது, மற்றது பிள்ளையுடையது. கொத்தமல்லி இலை ஒன்றை நனைத்து முட்டைமேல் படிய வைத்து, பழைய மெல்லிய துணியால் இறுகச் சுற்றி நூலால் கட்டட்டும். இலை நழுவும், மறுபடி வைக்கட்டும். சாய நீரில் இரண்டு தேக்கரண்டி வினிகர் விட்டு, முட்டையை மெதுவாக வேகவைத்து, அதிலேயே ஊறவிடுங்கள். பிறகு துணியைப் பிரித்தால், செம்பழுப்பு ஓட்டின் நடுவே இலையின் ஒவ்வொரு பல்லும் வெளிறித் தெரியும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சாப்பிடலாம்.

முட்டைக்கு ஏன் இந்த மரியாதை என்பதையும் அப்போதே சொல்லுங்கள். அக்காலத்தில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் தவக்காலம் முழுவதும் முட்டையையும் விலக்கி நோன்பிருந்தார்கள். ஈஸ்டர் அன்றுதான் அது மீண்டும் உணவில் சேரும். கிழக்குத் திருச்சபைகளில் கிறிஸ்துவின் இரத்தத்தை நினைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததும் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் சிவப்பு முட்டை கொடுத்திருக்குமே, அதையும் நினைவுபடுத்துங்கள். புது உயிருக்கு முட்டையை அடையாளம் காட்டுவது இந்த ஊர்ப் பிள்ளைக்கு அந்நியமானதே அல்ல.

குருத்தோலை ஞாயிறன்று ஒரு தட்டில் மண் பரப்பி வெந்தயமும் பச்சைப்பயறும் விதையுங்கள். பாதிச் சிரட்டையைக் கவிழ்த்து, வாசல் விட்டு மண்ணில் பதித்தால் கிறிஸ்துவின் கல்லறை. வாசலுக்கு ஒரு கூழாங்கல். நம் ஊர் முளைப்பாரி பார்த்தவர்களுக்குத் தட்டில் முளைவிடும் பயிர் புதிதல்ல. இங்குள்ள வெயிலுக்கு ஒரு வாரத்தில் பச்சையாக நிமிர்ந்துவிடும். ஈஸ்டர் காலையில் கல்லைப் புரட்டுவது பிள்ளையின் பொறுப்பு. தண்ணீரைத் தெளித்தால் போதும், தேங்க விடாதீர்கள். டெங்கிக் கொசுவுக்குச் சிறு தட்டே போதும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது குருத்தோலை விஷயத்தில்தான். ஒஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் 1888 முதல் நிற்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டிய கோயில். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் வாங்கும் ஓலையில் சிலுவை மடிப்பது நம் பாட்டிமாருக்குக் கைவந்த வேலை. இன்று மந்திரித்த ஓலையை வாங்கியதும் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு மறந்துவிடுகிறோம். கேலாங் சிராயில் பெருநாள் நெருங்கும்போது மலாய்க்காரர்கள் தென்னங்குருத்தில் கெத்துப்பாட் கூடு பின்னுவதைப் பாருங்கள். அவர்கள் விட்டுவிடவில்லை. நாம் ஏன் விட்டோம்? மடிக்கத் தெரிந்த ஒரு பாட்டி இன்னும் உங்கள் புளோக்கிலேயே இருக்கலாம். பிள்ளையை அவரிடம் அழைத்துப் போங்கள். ஓலை காய்ந்தால் ஒடியும், அதனால் பூசை முடிந்த அன்றே போங்கள்.

வெங்காயத் தோலை இன்றிலிருந்தே குப்பையில் போடாமல் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். சேர்க்கும் வேலையையும் பிள்ளையிடமே கொடுங்கள்.