கடலில் கற்ற ஆங்கிலம்

ஆங்கிலம் என்றாலே அஞ்சும் மாணவர் கூட்டத்தில் நானும் ஒருவன். பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ் வழியில் முடித்துவிட்டு, ஆங்கில இலக்கிய வகுப்பில் வந்து அமர்ந்தவன். எழுந்து நின்று ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இத்தகைய எங்களுக்கு ஊக்கமூட்ட விரும்புவோர் தவறாமல் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. அதுதான் ஜோசப் கான்ராடு. "போலந்து நாட்டுக்காரர் ஒருவர் இருபது வயதுக்குமேல் ஆங்கிலம் கற்று, ஆங்கிலேயரே வியக்கும் நாவல்களை எழுதினாரே! உங்களுக்கு மட்டும் என்ன குறை?" என்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் அது என்னை ஊக்குவிக்கவில்லை, உறுத்தியது. ஆகவே நூலகத்தில் அமர்ந்து கான்ராடின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்து முடித்தபின் எனக்குத் தோன்றியது இது: கான்ராடு நல்ல சாட்சிதான், ஆனால் நாம் அவரைத் தவறான வழக்குக்குக் கூண்டில் ஏற்றுகிறோம்.

1857 டிசம்பர் 3ஆம் நாள், இன்று உக்ரைனில் உள்ள பெர்டிச்சிவ் என்னும் ஊரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யூசெப் தியோடர் கொன்ராட் கொஷெனியோவ்ஸ்கி. அப்போது உலகப் படத்தில் போலந்து என்ற நாடே இல்லை. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் அதனைப் பங்கு போட்டு விழுங்கிவிட்டிருந்தன. தந்தை அப்பல்லோ ஒரு கவிஞர். விடுதலை வேட்கை கொண்டவர். 1861இல் வார்சாவில் ரஷ்ய அரசு அவரைக் கைது செய்து, அடுத்த ஆண்டு குடும்பத்தோடு வொலோக்தாவுக்கு நாடு கடத்தியது. அந்தக் குளிரும் வறுமையும் காச நோயும் 1865இல் தாயைக் கொண்டு சென்றன. 1869இல் தந்தையையும் கொண்டு சென்றன. பதினோரு வயதில் சிறுவன் அனாதையானான். தாய்மாமன் ததேயுஷ் பொப்ரோவ்ஸ்கி எடுத்து வளர்த்தார்.

இங்கே ஒரு செய்தியை என் நண்பர்கள் கவனிக்க வேண்டும். அப்பல்லோ, ஷேக்ஸ்பியரையும் விக்டர் யூகோவையும் போலிஷ் மொழியில் பெயர்த்தவர். தந்தையின் மேசைமீது கிடந்த கையெழுத்துத் தாள்களில்தான் சிறுவன் முதன்முதலில் ஷேக்ஸ்பியரைப் படித்தான். டிக்கன்சையும் போலிஷ் மொழியில்தான் படித்தான். பின்னாளில் ஆங்கில இலக்கியத்தின் தூண்களுள் ஒருவராக எண்ணப்பட்டவருக்கு, ஆங்கில இலக்கியம் அறிமுகமானதே தாய்மொழி வழியாகத்தான்! நாங்கள் ஷேக்ஸ்பியரைத் தமிழில் படித்துவிட்டு வகுப்புக்கு வந்தால் மட்டும் அது குறுக்கு வழி என்று சிரிப்பது ஏன்?

பதினாறாம் வயதில் கடல் மோகம் கொண்டு மார்சேல் துறைமுகத்துக்குப் போனார். ஆங்கிலத்துக்கு முன்பே பிரெஞ்சு அவருக்கு வசப்பட்டிருந்தது. 1878இல் கடனும் மனச்சோர்வும் மிஞ்சித் தம் மார்பிலேயே சுட்டுக்கொண்டு உயிர் பிழைத்தார். அதே ஆண்டில் ஆங்கிலேயக் கப்பல் ஒன்றில் ஏறி லோஸ்டாஃப்ட் துறையில் வந்திறங்கினார். நிலக்கரி ஏற்றும் கரையோரக் கப்பலில், படிப்பு வாசனை அதிகமில்லாத மாலுமிகளின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆங்கிலம் பழகினார். தப்பாகப் பேசினால் தலை குனிய வைக்கும் வகுப்பறை அங்கே இல்லை. கயிற்றை இழு என்றால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். மொழி அவருக்கு வேலையாக வந்தது. தகுதிச் சின்னமாக வரவில்லை.

தேர்வுகளிலும் அவர் சூரப்புலி அல்லர். முதல்நிலை அதிகாரிக்கான தேர்விலும், கப்பல் தலைவர் தேர்விலும் முதல் முறை தோற்று, இரண்டாம் முறையே வென்றார். அரியர் வைத்திருக்கும் அன்பர்கள் ஆறுதல் கொள்ளலாம்! 1886இல் தலைவர் சான்றிதழும் பிரிட்டிஷ் குடியுரிமையும் கிடைத்தன.

நம் சென்னைக்கும் அவர் வந்திருக்கிறார். 1884 ஏப்ரலில் 'ரிவர்ஸ்டேல்' என்ற கப்பலின் தலைவரோடு பூசலிட்டு, இங்கேதான் வேலையை விட்டு இறங்கினார். இரயிலேறிப் பம்பாய் சென்று 'நார்சிஸஸ்' கப்பலில் சேர்ந்தார். அந்தப் பயணமே 1897இல் புகழ்பெற்ற ஒரு நாவலாயிற்று.

அவருடைய முதல் நாவலாகிய 'ஆல்மேயர்ஸ் ஃபாலி' 1895இல் வெளிவந்தபோது வயது முப்பத்தேழு. பின்னர் 'லார்டு ஜிம்' 1900இலும், 'நாஸ்ட்ரோமோ' 1904இலும், 'தி சீக்ரெட் ஏஜென்ட்' 1907இலும் வந்தன. 1914இல் 'சான்ஸ்' வெளிவரும்வரை பணக்கவலை அவரை விடவில்லை. எழுத்தில் இத்தனை உயரம் தொட்டவருடைய பேச்சில், இறுதிவரை அயல்நாட்டு உச்சரிப்பு அழுத்தமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் அவர் எழுத்தின் மதிப்பு ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை.

இனி என் வழக்கின் மையத்துக்கு வருகிறேன். ஆங்கிலம் கான்ராடுக்குக் கருவியைத் தந்தது. ஆனால் சொல்ல வேண்டிய பொருளைத் தந்தது எது? 1890இல் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் இருந்த காங்கோவுக்கு அவர் ஆற்றுக் கப்பல் ஓட்டச் சென்றார். நாகரிகம் பரப்புகிறோம் என்ற பெயரில் தந்தத்துக்காக நடந்த கொள்ளையைக் கண்டார். சில மாதங்களிலேயே உடல் நலிந்து திரும்பினார். 1899இல் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' எழுதினார். பேரரசின் பகட்டுப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் சவுக்கு அவர் கண்ணுக்குத் தெரிந்ததென்றால், வொலோக்தாவில் தாயின் இருமலைக் கேட்டு வளர்ந்த பிள்ளை என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் துணிபு.

ஆனால் அந்தக் கண்ணுக்கும் ஒரு குருட்டுப் பக்கம் இருந்தது. 1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆற்றிய உரையில் இதனை எடுத்துக்காட்டினார். அந்த நாவலில் ஆப்பிரிக்கர்களுக்கு முகமில்லை, பேச்சும் இல்லை. வெள்ளையன் ஒருவனுடைய மனச்சிதைவுக்கு ஒரு கண்டமே வெறும் திரைச்சீலையாகிவிட்டது என்று சாடினார். கான்ராடை இனவெறியர் என்றே சொன்னார். 'நார்சிஸஸ்' நாவலின் தலைப்பிலேயே கறுப்பின மக்களை இழிவு செய்யும் சொல் ஒன்று இருப்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அச்செபே சொன்னது உண்மை. கான்ராடு கொள்ளையைக் கண்டதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மூடாமல், இரண்டையும் சேர்த்தே வகுப்பில் பேச வேண்டும் என்பேன்.

தாயகமும் அவரைச் சும்மா விடவில்லை. அதே 1899இல் போலந்து எழுத்தாளர் எலிசா ஓஷெஷ்கோவா, காசுக்காக அயல்மொழியில் எழுதுகிறார் என்று அவரைக் கடிந்தார். அந்தச் சொல் கான்ராடின் நெஞ்சில் நெடுநாள் முள்ளாய் உறுத்தியது. ஆனால் தாய்மொழி அவரைவிட்டு எங்கும் போய்விடவில்லை. 1910இல் 'அண்டர் வெஸ்டர்ன் ஐஸ்' நாவலை முடித்ததும் நோயில் விழுந்தார். காய்ச்சலின் பிதற்றலில் அவர் பேசியது போலிஷ் மொழி. அருகிலிருந்த ஆங்கில மனைவி ஜெஸ்ஸிக்கு அது விளங்கவில்லை.

1924 ஆகஸ்ட் 3ஆம் நாள் இங்கிலாந்தில் மறைந்தார். கேன்டர்பரியில் உள்ள அவரது கல்லறைக் கல்லில் போலிஷ் பெயரைப் பிழையாகவே பொறித்திருக்கிறார்கள். அவர் ஆங்கிலத்தின் நுணுக்கங்களையெல்லாம் கற்றார். ஆங்கிலம் அவர் பெயரின் எழுத்தைக்கூடச் சரியாகக் கற்கவில்லை.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். கான்ராடைக் காட்டி எங்களை வெட்கப்படச் செய்யாதீர்கள். கான்ராடு கற்ற வழியில் எங்களைக் கற்க விடுங்கள். தமிழில் படித்துவிட்டு வரவும், தப்புத் தப்பாய்ப் பேசவும், இரண்டாம் முறை எழுதித் தேறவும் இடம் கொடுங்கள். நண்பர்களே, நீங்களும் உச்சரிப்புக்கு அஞ்சி வாய்மூடி இருக்காதீர்கள். அடுத்த முறை பத்தி வாசிக்கச் சொல்லும்போது, நான் எழுந்து நிற்பதாக முடிவு செய்திருக்கிறேன்.