பதினேழு மீட்டர் உயர ஊர்மன்றம்

பின்லாந்தின் பையான்னே ஏரியிலுள்ள சிறு தீவு சாய்நாட்சலோ. மரத் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த அவ்வூரில் மக்கள் ஏறத்தாழ மூவாயிரவரே. அவ்வூர் தனக்கொரு மன்றம் வேண்டி 1949-இல் போட்டி வைத்து, கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோவின் வரைவைத் தேர்ந்தது. உரோமானியப் பேரவைக் கூடத்தின் பெயரான 'கூரியா' என்பதையே அவர் அவ்வரைவுக்குச் சூட்டியிருந்தார். தொழிலாளர் ஊருக்கு மிகையான பெயர் எனச் சிலர் நகைத்திருக்கலாம். நமக்கு அதில் மிகை தோன்றவில்லை.

1952-இல் மன்றம் எழுந்தது. அடித்தளத்துக்கு அகழ்ந்த மண்ணையே நடுவில் நிரப்பி, முற்றத்தை ஒரு தள உயரத்துக்கு உயர்த்தினர். அதனைச் சூழ அலுவலகங்களும் நூலகமும் அமைந்தன. முற்றத்துக்கு ஏறக் கிழக்கே கற்படிகள். மேற்கே புல் படர்ந்த மண்படிகள். செங்கற்களைச் சிறிது ஒழுங்கு பிறழ அடுக்குமாறு ஆல்டோ பணித்தமையால், சாய்ந்த வெயிலில் சுவரெங்கும் நிழல் விழும். உள்ளே, உயரச் சாளரங்களின் ஒளி மட்டுமே விழும் குறுகிய செங்கல் வழியில் ஏறித் திரும்பினால் அவைக்கூடம். அதன் கூரையை விசிறிபோல் விரிந்த இரு மரச்சட்டகங்கள் தாங்குகின்றன. மக்கள் சார்பில் முடிவெடுக்கச் செல்வோர் அமைதியுற்றுச் செல்லட்டும் என்றே அவ்வழி வகுக்கப்பட்டது போலும்.

அவைக்கூடத்துக்கு இத்துணை உயரம் எதற்கு, செலவு மிகாதோ என அவை உறுப்பினர் வினவினர். உலகின் எழில்மிகு மன்றமான இத்தாலியச் சியெனா நகரின் கூடம் பதினாறு மீட்டர்; நாம் பதினேழு கட்டுவோம் என ஆல்டோ விடையிறுத்ததாகச் சொல்வர். வினவியவரை நாம் குறை கூறோம். வரிப்பணத்தைக் காப்பது அவர்தம் கடமை. ஆயினும், ஆள்தொகையைக் கொண்டு அவையின் மாண்பை அளக்க மறுத்த ஆல்டோவின் பக்கமே நாம் நிற்கிறோம்.

கீழ்த்தளத்தில் கடைகளுக்கும் இடமிருந்தது. ஊர் வளர்ந்தால் அவற்றை அலுவலகங்களாக்கலாம் என்பது அன்றைய கணிப்பு. ஊராட்சியே இல்லாதொழியும் என யார் கணித்தார்? 1993-இல் சாய்நாட்சலோ அண்டை நகரமான யூவாஸ்கூலாவுடன் இணைக்கப்பட்டது. அக்கூடத்தில் ஏறத்தாழ நாற்பதாண்டே கூடிய அவை கலைந்தது. கட்டடம் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. உலகெங்குமிருந்து கட்டடக்கலை மாணவர் வந்து காண்கின்றனர். செங்கல்லுக்குக் கிடைத்த இக்காப்பு, அதனை எழுப்பிய அவைக்குக் கிடைக்கவில்லை.

நிருவாகச் சிக்கனம் என்னும் வாதத்தை நாம் அறியாதவரல்லோம். இணைப்பை இனி நீக்கவும் இயலாது. எனினும், அத்தீவின் பள்ளி, சாலை, நூலகம் குறித்த முடிவுகளையேனும் தீவு மக்கள் முன்னிலையில், அக்கூடத்திலேயே அமர்ந்து எடுப்பதென யூவாஸ்கூலா நகரமன்றம் விதி செய்தல் வேண்டும்.