பள்ளிக்கூட வாசலிலிருந்து நூறு கெஜம்

சகோதரிகளே, பிள்ளை ஒரு கெட்ட பழக்கத்தில் மாட்டிக் கொண்டால், "சேர்க்கை சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அந்தச் சேர்க்கை எந்த இடத்தில் உண்டாகிறது என்று யாராவது பார்க்கிறோமா? வீட்டில் நாம் இருக்கிறோம். வகுப்பில் டீச்சர் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவே பள்ளிக்கூடக் கழிப்பறை, மதில் சுவரின் பின்பக்கம், வாசலுக்கு எதிரே பெட்டிக்கடை, பஸ் நிறுத்தம் என்று கேட்பாரற்ற இடங்கள் எத்தனையோ இருக்கின்றன.

எங்கள் கோவில்பட்டிக்குச் சுற்றுவட்டாரக் கரிசல்காட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகள் பஸ் பிடித்துத்தான் படிக்க வருகிறார்கள். பள்ளி விட்டதும் பஸ் வந்து நிற்பதில்லை. அம்மா தீப்பெட்டி ஆபீசிலோ பருத்திக் காட்டிலோ இருப்பாள். பசித்த வயிறும் கையில் பத்து ரூபாயுமாகப் பிள்ளை ஒரு மணி நேரம் தெருவில் நிற்கிறான்.

முன்பெல்லாம் திருட்டு பீடி குடித்தால் தீக்குச்சி வாடையும் சட்டை நாற்றமும் காட்டிக் கொடுத்துவிடும். இப்போது 'வேப்' என்கிற மின் சிகரெட்டுக்கு, எங்கள் ஊர்த் தீப்பெட்டியே வேண்டியதில்லை. உள்ளே ஒரு பேட்டரி. நிக்கோடின் கலந்த திரவத்தை அது சூடாக்கி ஆவியாக்குகிறது. மாம்பழம், புதினா என்று மணம் வேறு. பேனா மாதிரி, பென்டிரைவ் மாதிரி இருப்பதால் ஜாமெட்ரி பாக்ஸில் கிடந்தாலும் நமக்குத் தெரியாது. "பபிள்கம் தின்னேன்மா" என்றால் நம்பிவிடுவோம்.

தமிழ்நாடு இதை 2018-லேயே தடை செய்தது. 2019-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்க, விளம்பரம் செய்யக் கூடாது. முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருந்தும் திருட்டுத்தனமாகக் கைமாறுகிறது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமாகக் கிடைப்பது 'கூல் லிப்'. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக் கொள்கிற சின்னப் புகையிலைப் பொட்டலம். புகை கிடையாது, வகுப்பில் உட்கார்ந்தபடியே வைத்துக் கொள்ளலாம். மாணவர்களிடம் இது பரவுவதைக் கண்டு, 2024 செப்டம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்பட்டு அரசுகளிடம் விளக்கம் கேட்டது.

எங்கள் தெருவில் ஒரு மதினியின் மகன், ஒன்பதாம் வகுப்பு, இதில் மாட்டிக்கொண்டான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பெரியம்மா, பெரிய கிளாஸ் அண்ணன்மார் பாத்ரூம்ல வச்சுத் தருவாங்க. வேண்டாம்னா 'பயந்தாங்கொள்ளி'ம்பாங்க."

"வாத்தியார் யாரும் வரமாட்டாங்களாலே?"

"அந்த நாத்தத்துக்குள்ள யாரு வருவா?"

"கடையில எப்படிடா கொடுக்கான்?"

"பெரியவங்க கேட்டா 'இல்லை'ம்பான். யூனிபார்ம்ல போனாக் கொடுப்பான்."

பிடிபட்டதும் பள்ளியில் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் போனான், கழிப்பறை அப்படியே இருக்கிறது, கடையும் அப்படியே இருக்கிறது. மற்ற பிள்ளைகள் கற்றுக்கொண்டது, இன்னும் நன்றாக ஒளிக்க வேண்டும் என்பதுதான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் 2019-ல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 100-க்கு 27 பேருக்கு மேல் வேப் இழுத்தார்கள். அங்கேயும் கழிப்பறைதான் கூடாரம். சில பள்ளிகளில் கழிப்பறைக் கதவையே கழற்றினார்கள்! கெடுபிடியும் விழிப்பும் கூடியபின், 2024-ல் அது 100-க்கு 8 பேர் அளவுக்கு இறங்கியது. நம் நாட்டில் 2019-ல் எடுத்த கணக்கின்படி, 13 முதல் 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் 100-க்கு 8.5 பேர் ஏதாவதொரு புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். மூளை இருபத்தைந்து வயதுவரை வளர்கிறது. நிக்கோடின் அந்த வளரும் மூளையைப் பிடித்துக்கொண்டால் கவனம் சிதறும், படிப்பு ஏறாது, விடவும் முடியாது. வாயில் அடக்கும் புகையிலையால் ஈறு கெடும், வாய்ப்புற்றும் வரும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

2003-ம் ஆண்டுச் சட்டப்படி கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. நம் கணக்கில் சொன்னால், ஆறு கெஜச் சேலை 17-ஐ வரிசையாக விரித்த தூரம். அந்த எல்லையில் மஞ்சள் கோடு போட வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதலே இருக்கிறது. பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்பதும் குற்றம். 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில், குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். வாய்மூடி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு வராமல், மூன்று கேள்வி கேளுங்கள். கழிப்பறையைத் தினம் கழுவி, யார் போய்ப் பார்க்கிறார்கள்? மஞ்சள் கோடு எங்கே? பிடிபட்ட பிள்ளைக்கு டி.சி.யா, ஆலோசனையா? தனியார் பள்ளியானால் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. பையில் இரண்டு கடலை மிட்டாயும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்தால் கடைப்பக்கம் போகும் வேலை பாதி குறையும். பஸ் நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உதட்டின் உள்பக்கம் புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், உடையில் புதிதாகப் பழ வாசனை வந்தால், பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாகக் கேளுங்கள். அடித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்வான், பழக்கம் போகாது. புகையிலையை விட ஆலோசனை சொல்லும் இலவசத் தொலைபேசி 1800-11-2356.

அந்த மதினியின் மகன் இப்போது வேறு பள்ளியில் படிக்கிறான். சேர்க்கும்போதே அவள் போய்க் கழிப்பறையைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். தலைமை ஆசிரியர் ஆச்சரியப்பட்டாராம். படட்டுமே! நாம் எல்லோரும் அப்படிப் பார்க்கத் தொடங்கினால், யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.