எந்த விளிம்பு, மச்சான்?

"நாலு மோடையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாரு, ஒன்டு சரிவரும்." ஹந்தானை அடிவாரத்தில ஹார்ட்வேர் படிக்கிற ஆட்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. இதை அறிவுரை என்கிறதே தப்பு. எழுதவேண்டியவர்கள் எழுதாமல் விட்டதை மாணவர் தலையில் கட்டுகிற வேலை இது.

விஷயம் எஸ்பிஐ. 1980களில் மோட்டரோலா கொண்டுவந்த தொடர் இணைப்பு. கடிகாரக் கம்பி சும்மா இருக்கும்போது 0வா 1ஆ? தரவை முதல் விளிம்பில் வாசிப்பதா, இரண்டாவதிலா? இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்து நாலு மோட். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் ஒரு பொதுத் தரநிலைக் குழு உட்கார்ந்து இதை எழுதிவைக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு பேர், ஒரு அர்த்தம். மோட்டரோலாவின் அவத்தை பிட் 0 என்டால், மைக்ரோசிப்பின் பிக் சிப்பில் அதே வேலைக்கான பிட் 1. டெக்சாஸின் எம்எஸ்பி430இலும் அப்படித்தான், தலைகீழ். "ஏறு விளிம்பில் வாசிக்கும்" என்டு மட்டும் ஒரு டேட்டாஷீட் சொன்னால் மோட் 0உம் பொருந்தும், மோட் 3உம் பொருந்தும். எதை எடுப்பது?

தப்பான அவத்தையில் ஒன்றுமே ஓடாவிட்டால் நல்லது, உடனே பிடிச்சிடலாம். சில நேரம் மேசையில் குட்டிக் கம்பியோடு ஓடும். கம்பியை நீட்டினதும் ஒரு பிட் தள்ளி வாசிக்கும். அதுதான் ஆளைக் கொல்லும்.

அவத்தைக் குழப்பம் எங்கட நாட்டுக்குப் புதுசா? 1996இல் அரசு நேரத்தை ஒரே வருசத்தில் இரண்டு தரம் மாற்றியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது. 2006 வரைக்கும் ஒரே தீவில் அரை மணி வித்தியாசத்தில் இரண்டு கடிகாரம். "பத்து மணி" என்டால் போதாது, புது நேரமா பழைய நேரமா என்டும் சொல்லவேணும். சாதாரண சனத்துக்கு விளங்கின இந்த விஷயம் டேட்டாஷீட் எழுதுகிறவருக்கு விளங்காதா?

"தரநிலை என்டால் கொஞ்சம் இடம் விடத்தானே வேணும்" என்பார்கள். விடலாம், சொல்லிவிட்டு விடலாம். சிப்பை வார்க்க முன்னம் அதை எமுலேட்டரில் ஓட்டி, கணினியில் இருக்கிற சோதனை நிரலோடு இணைக்க ஆக்செலெரா அமைப்பு வெளியிட்டது எஸ்சிஇ-எம்ஐ தரநிலை. அதில் கடிகாரத்தின் விகிதம், உயர்வு–தாழ்வுப் பங்கு, அவத்தை எல்லாம் எண்களாகக் கொடுக்கவேணும். உயர்வுப் பங்குக்கு 0 போட்டால் "எனக்கு அக்கறையில்லை" என்டு அர்த்தம். அப்போது ஏறு விளிம்புக்கு மட்டும்தான் உத்தரவாதம். இறங்கு விளிம்பு எப்ப வரும் என்டு கேட்கக்கூடாது. இது கருமித்தனம் இல்லை, நேர்மை. இறங்கு விளிம்பில் வேலை செய்கிற பழைய பிளாக் ஒன்றை அதற்குள் செருகி மாட்டுப்பட்டால் பழி எங்கட தலையில்தான், ஏனென்டால் எழுதியிருக்கு.

சொல்லாமல் விடுகிறதுதான் அநியாயம். கம்பெனி எஞ்சினியர் விற்றவருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்பார், மேசையில் ஒஸிலோஸ்கோப்பும் இருக்கும். லேப்பில் ஒரு ஸ்கோப்புக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைக்குப் போவது இரவு.

ஆகவே ப்ரொஜெக்ட் ரிப்போர்ட்டில் "எஸ்பிஐ மோட் 1" என்டு எழுதிவிட்டுத் தப்பாதீங்க. ஓய்வில் கம்பி என்ன மட்டம், தரவு எந்த விளிம்பில் மாறுது, எந்த விளிம்பில் வாசிக்கப்படுது என்டு ஒரு படம் கீறுங்க. அடுத்த பட்ச் அதைப் பார்த்துத்தான் வயர் கொடுக்கும்.