அனுபவத்துக்குச் சம்பளம்

சிறைவாசிக்கு ஆபத்து உள்ளேதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 முதல் 2003 வரை விடுதலையான முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு அம்மாநிலத்தின் மற்ற மக்களைவிட 12.7 மடங்கு, போதைமருந்து அளவுமீறி இறக்கும் வாய்ப்பு 129 மடங்கு. பல மாதம் மருந்து படாத உடம்பு பழைய அளவைத் தாங்குவதில்லை. தங்க இடமும் இருப்பதில்லை. சிறை சென்று வந்தவர்கள் வீடற்றுப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு என்று பிரிசன் பாலிசி இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு 2018இல் கணக்கிட்டது. ஒரு முறைக்கு மேல் போனவர்களுக்கு அது 13 மடங்கு. இப்படிப்பட்ட இரண்டு வாரத்தில் ஒருவர் யாரிடம் மனம்விட்டுப் பேசுவார்? பரோல் அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னால் மறுபடி உள்ளே போக நேரலாம். மருத்துவரைப் பார்க்க முன்பதிவு வேண்டும். குடும்பம் பல நேரங்களில் கதவைச் சாத்தியிருக்கும். அதே வழியில் நடந்து கரையேறிய ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, புதிதாக வெளியே வருபவருக்குத் துணையாக அனுப்புவதுதான் சக ஆதரவுப் பணி.

யோசனை புதியதல்ல. 1790களில் பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகளின் பொறுப்பாளராக இருந்த புஸ்ஸேன் அங்கேயே நோயாளியாக இருந்து தேறியவர். குணமானவர்களையே உதவியாளர்களாகச் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் இது அரசுச் சம்பளக் கணக்கில் ஏற இருநூறு ஆண்டுகள் ஆயின. ஜார்ஜியா மாநிலம் 1999இல் மனநலத் துறையின் சக ஆதரவுப் பணிக்கு மெடிக்கெய்ட் என்ற ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டு நிதியிலிருந்து பணம் தரத் தொடங்கியது. 2007இல் மத்திய அரசு மற்ற மாநிலங்களுக்கும் வழிகாட்டியது. கலிஃபோர்னியா சான்றிதழ் முறைக்கான சட்டத்தை 2020இல்தான் இயற்றியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2006இல் தொடங்கிய டிரான்சிஷன்ஸ் கிளினிக், சிறைவாழ்க்கை கண்டவர்களையே சமூகச் சுகாதாரப் பணியாளர்களாக வைத்துக்கொண்டது. விடுதலையான 200 பேரை இரு பிரிவாக்கிச் செய்த சோதனையில், இந்தக் கிளினிக்குக்கு அனுப்பப்பட்டவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது குறைந்தது. இதில் மாயம் ஏதுமில்லை. எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்பார்கள், எந்த விடுதியில் இரவு எத்தனை மணிக்குக் கதவை மூடுவார்கள் என்பதை அந்தப் பணியாளர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். ஒரு விதியைப் பாருங்கள்: தெருவில் இருந்த ஒருவர் 90 நாளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டால், மத்திய வீட்டுவசதித் துறையின் கணக்கில் வெளியே வரும் நாளில் அவர் வீடற்றவர் என்ற தகுதியை இழந்திருப்பார். வெளியே வந்ததும் அதே பாலத்தடிக்குத்தான் போகிறார். ஆனால் வீட்டுக்கான வரிசையில் அவர் இடம் போயிருக்கலாம். இதை விசாரணைக் கைதிக்கு நேரத்தோடு எடுத்துச் சொல்ல, அந்த வரிசையில் நின்று ஏமாந்த ஒருவர் போதும்.

இந்தப் பணியைத் தொண்டாக அல்ல, வேலையாக மதிக்க வேண்டும் என்பதே என் கட்சி. சமூகவியலாளர் டெவா பேஜர் மில்வாக்கி நகரில் நடத்தி 2003இல் வெளியிட்ட சோதனையை நினைத்துக்கொள்ளலாம். ஒரே தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். சிறைப் பின்னணி இல்லாத வெள்ளையரில் 34 சதவீதத்தினருக்கு அழைப்பு வந்தது, உள்ளவருக்கு 17. கறுப்பினத்தவரில் பின்னணி இல்லாதவருக்கே 14, உள்ளவருக்கு வெறும் 5. வேலைச் சந்தை முழுவதும் கழித்தல் குறி போடுகிற ஒன்றுக்குச் சக ஆதரவுப் பணி மட்டும் கூட்டல் குறி போடுகிறது. அந்தக் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் எழுதப்படும் தொகைதான் சிறியது. மணிக்கணக்குக் கூலி, மானியம் முடிந்தால் முடிந்துபோகிற பதவி, மேலே ஏற வழியில்லாத ஏணி என்றுதான் பல இடங்களில் நிலைமை. தாம் துணைநிற்பவருக்கு வீடு தேடித் தருகிறவர், தம் சம்பளத்தில் அதே நகரத்தில் வாடகை கட்ட முடியாமல் திண்டாடினால் அதற்கு மறுவாழ்வு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

படித்த தொழில்முறையாளருக்கு நிகராக இவர்களுக்கு ஏன் தரவேண்டும் என்பார்கள். மனநலச் சேவையில் நடந்த 11 சோதனைகளை, 2,796 பேரை உள்ளடக்கிய சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2013இல் தொகுத்துப் பார்த்தது. அதே பொறுப்பில் இருந்த தொழில்முறையாளர்களைவிடச் சக ஆதரவாளர்கள் கூடுதலாகவும் சாதிக்கவில்லை, குறைவாகவும் சாதிக்கவில்லை என்பது முடிவு. சான்றுகளின் தரம் அவ்வளவு உயர்ந்ததல்ல என்றும் அதுவே சொன்னது. சிறையிலிருந்து வந்தவர்களைத் தனியே எடுத்த ஆய்வும் அல்ல. பலர் இதைச் சக ஆதரவுக்கு எதிரான சான்றாகப் படிக்கிறார்கள். எனக்கோ நேர்மாறாகத் தெரிகிறது. இருவரும் ஒரே பலனைத் தருகிறார்கள் என்றால், ஒருவருக்கு மட்டும் குறைத்துக் கொடுப்பதற்கு என்ன நியாயம்?

இப்பணியில் அமர்த்தப்படுகிறவர்கள் மறுபடியும் குற்றத்துக்கோ போதைக்கோ திரும்பிவிட மாட்டார்களா என்ற அச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2005இல் 30 மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களில் 83 சதவீதத்தினர் ஒன்பது ஆண்டுக்குள் ஒரு முறையாவது மறுபடி கைதானார்கள் என்கிறது அமெரிக்க நீதித் துறையின் புள்ளிவிவரம். பயமுறுத்தும் எண்தான். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது: முதல் ஆண்டில் கைதானவர்கள் 44 சதவீதம், ஒன்பதாம் ஆண்டில் 24. ஆபத்து முன்பக்கம் குவிந்திருக்கிறது, ஆண்டு ஆக ஆகக் குறைகிறது. ஆகவே நேற்று வெளியே வந்தவரை இன்றே வேலைக்கு வைக்கச் சொல்லவில்லை. நிலைபெற்றவரை வைக்க வேண்டும், வைத்தபின் அவருக்கு மேற்பார்வையும் ஓய்வும் மனநல உதவியும் தர வேண்டும். தினமும் பிறர் அதிர்ச்சியைக் கேட்கிறவருக்குத் தம் பழைய காயம் கிளறப்படாமல் இருக்காது. குற்றம் செய்தவனுக்கு வேலையா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியும் வரும். பாதிக்கப்பட்டவருக்குத் தரவேண்டியது நிறைய இருக்கிறது. தண்டனையை முடித்தவரைப் பட்டினி போடுவது அந்தக் கணக்கில் சேராது.

எதிர்வாதங்களில் கனமானது இவற்றில் ஒன்றுமல்ல. தன் கடந்தகாலத்தைச் சொல்லியே பிழைக்கிறவர் அதிலிருந்து எப்போது விடுபடுவார் என்பதுதான். உதவுகிறவருக்கே உதவியால் நன்மை விளைகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் ரீஸ்மன் 1965லேயே எழுதினார். குற்றவியலாளர் ஷாட் மருனா லிவர்பூலில் குற்றத்தைக் கைவிட்டவர்களைச் சந்தித்து 2001இல் எழுதிய நூலிலும், பிறருக்குப் பயன்படும் ஆசை அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அந்த ஆசையையே காரணம் காட்டி ஒருவரை ஆயுள் முழுக்க ‘முன்னாள் கைதி’ நாற்காலியில் உட்கார்த்தி வைக்கலாகாது. மேற்பார்வையாளராக, திட்ட மேலாளராக, விரும்பினால் இதற்குச் சம்பந்தமே இல்லாத தொழிலுக்குப் போகிறவராக அவர் மாற வழி வேண்டும். வழி இருந்தால் இந்த எதிர்வாதத்தின் கூர் மழுங்கிவிடும். இல்லாவிட்டால் அது முழுக்க உண்மை.

இன்னொரு வரம்பும் உண்டு. சக ஆதரவாளரால் வீடு கட்டித் தர முடியாது. 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கின்படி அமெரிக்காவில் 7,71,480 பேர் வீடற்றிருந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் ஆரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் தொடர்பான வழக்கில், பொது இடத்தில் தூங்குவோரைத் தண்டிக்கும் நகரச் சட்டங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒருவரைச் சிறைக்கு வெளியே வைத்திருக்க ஒரு துறை சம்பளம் கொடுக்கிறது. அவர் பூங்காவில் தூங்கினால் இன்னொரு துறை அபராதம் போடுகிறது. இந்த இழுபறிக்கு நடுவில் நிற்பவரிடம் அற்புதம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. எனவே இப்படியொரு திட்டத்தைப் புகழ்ந்து எங்காவது செய்தி வந்தால், வாசகர்களே, கண்ணீர்க் கதையைத் தாண்டி இரண்டு விவரத்தைத் தேடுங்கள்: அந்தப் பணியாளருக்கு நிரந்தரச் சம்பளம் உண்டா, அவர் கைகாட்டும் இடத்தில் காலியான அறை இருக்கிறதா.