கீறலுக்கும் ஒரு சான்றிதழ்

போன மாதம் பேரனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறான். இருபத்திரண்டு வயது. வேலைக்குப் போய்க்கொண்டே நான்கு நண்பர்களோடு சேர்ந்து பேஸ் கிட்டார் வாசிக்கிறான். படத்தில் ஒரு கிட்டார். வார்னிஷ் உரிந்து, ஓரமெல்லாம் மரம் தெரிந்து, திருகுகள் கறுத்துப்போய் இருந்தது.

“என்னப்பா, பழைய சாமான் கடையில பிடிச்சியா?” என்று கேட்டேன்.

“ஐயோ தாத்தா, இது புதுசு. கீறல் எல்லாம் கம்பெனியே போட்டுக் கொடுக்குது. ஜாக்கோ பேர்ல வர்ற கிட்டார்.”

விலையையும் சொன்னான். யூரோவை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். பிறந்தநாளுக்குத் தாத்தா கொஞ்சம், அப்பா கொஞ்சம் போட்டால் மீதியை அவன் தவணையில் கட்டிக்கொள்வானாம்.

விலை கிடக்கட்டும். பிள்ளைகள் ஆசைப்படுவதுதான். ஆனால் புதுச் சாமானில் காசு வாங்கிக்கொண்டு கீறல் போட்டுத் தருகிறார்கள் என்றதும் எனக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. மூன்று வாரமாக இந்த விஷயத்தையே படித்துக்கொண்டிருக்கிறேன். படித்தபின் கோபம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

பேஸ் கிட்டார் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு தடித்த கம்பிகள். சாதாரண கிட்டாரின் கீழ் நான்கு கம்பிகளைவிட ஒரு ஸ்தாயி தாழ்ந்த சுருதி. இளையராஜாவின் பாட்டுகளில் மெட்டுக்கு அடியில் தரை போட்டதுபோல் ஓடிக்கொண்டே இருக்குமே, அதுதான். அது இருக்கும்போது கவனிக்க மாட்டோம். அதை எடுத்துவிட்டால் பாட்டு அந்தரத்தில் நிற்கும்.

இந்தக் கருவியை 1951-இல் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் ஃபுல்லர்ட்டன் ஊர்க்காரர் லியோ ஃபெண்டர். அதற்கு முன்பு இந்த வேலையை ஆள் உயர டபுள் பேஸ்தான் செய்துவந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போவது பெரும்பாடு. அதில் சுருதி பிடிக்க விரலுக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும். ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டும் அளவுக்குச் சுருக்கி, வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் வைத்தார். மெட்டு இருந்தால் சுருதி பிசகாது. அதனால்தான் ‘பிரிசிஷன் பேஸ்’ என்று பெயர்.

இந்த லியோ ஃபெண்டரைப் பற்றி ஒரு சேதி படித்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டார். மனிதர் கணக்கு படித்தவர். கலிஃபோர்னியா அரசின் நெடுஞ்சாலைத் துறையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். பொருளாதார மந்தத்தில் அந்த வேலை போய், அடுத்து ஒரு டயர் கம்பெனியில் கணக்கு வேலையும் போய், 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். கிட்டார் வாசிக்க அவருக்குக் கடைசிவரை தெரியாது. பழுதுபார்ப்பவர் புத்தியோடுதான் கிட்டாரைச் செய்தார். கழுத்தை ஒட்டாமல் நான்கு திருகு வைத்து முடுக்கினார். கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். வாசிக்கிறவன் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த சாமான் அது. கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்ததல்ல.

இனி என் பேரன் சொன்ன ஜாக்கோவுக்கு வருகிறேன். ஜாக்கோ பாஸ்டோரியஸ், 1951-இல் பிறந்தவர், ஃபுளோரிடாவில் வளர்ந்தவர். அவர் கையில் இருந்தது 1962-ஆம் வருடத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸ், பழையதாக வாங்கியது. அதிலிருந்த மெட்டுகளைப் பிடுங்கிவிட்டுப் பள்ளங்களை அடைத்தார். விரல்பலகையின் மேல் படகுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசினார். எஃகுக் கம்பி மரத்தை அரித்துவிடாமல் இருக்க அந்தப் பூச்சு. மெட்டு இல்லாததால் கம்பி கோட்டுவாத்தியம் போல வழுக்கிப் பாடியது. 1976-இல் முதல் இசைத்தட்டு வந்தபோது பேஸ் வாசிக்கிறவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம்.

பின்னாளில் மனநோயும் குடியும் அவரைத் தின்றன. அந்த பேஸ் உடைந்து துண்டு துண்டானது. இரண்டு கைவினைஞர்கள் பொறுமையாக ஒட்டிக் கொடுத்தார்கள். 1986-இல் நியூயார்க் பூங்கா ஒன்றில் அது திருடுபோனது. மறுவருடம் செப்டம்பரில், முப்பத்தைந்து வயதில், ஜாக்கோ இறந்துபோனார். சுமார் இருபது ஆண்டு கழித்துக் கருவி நியூயார்க்கிலேயே தலைகாட்டியது. மெட்டாலிகா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ தன் பணத்தைப் போட்டு அதை மீட்க உதவினார்.

அந்தக் கருவியின் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு ராத்திரி உண்டு. சில கீறல் வாசித்ததால் வந்தது, சில வறுமையால், சில கண்ணீரால். அவர் இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆனபின், அந்தக் கீறல்களை ஃபெண்டர் கம்பெனியின் கஸ்டம் ஷாப் நகலெடுத்து, அவர் பெயரில் விற்கத் தொடங்கியது.

இப்படிப் புதுக் கருவியைப் பழையதாக்கும் வித்தைக்கு ‘ரெலிக்’ என்று பெயர். ஃபெண்டர் 1995-இல் இதை ஆரம்பித்தது. வார்னிஷை உரசுவார்கள், ஓரங்களைத் தேய்ப்பார்கள், உலோகத்தை மருந்து போட்டுக் கறுக்க வைப்பார்கள். ‘ரெலிக்’ என்பது பிரெஞ்சிலும் உண்டு. சிறுவயதில் மாதா கோயிலில் கேட்ட சொல் அது. புனிதர்களின் எலும்போ துணியோ கண்ணாடிப் பேழையில் வைத்திருப்பார்களே, அதற்குத்தான் அந்தப் பெயர். தொழிற்சாலையில் செய்த எலும்பை யாராவது பேழையில் வைத்து வணங்குவார்களா?

நான் முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. இசை எனக்குத் தெரியாது. ஆனால் கையெழுத்து என்றால் என்ன, சான்றிதழ் என்றால் என்ன என்று தெரியும். அந்த உரிமையில் பேசுகிறேன்.

இந்தக் கருவிகளோடு ஒரு சான்றிதழ் வருகிறது. அசல் என்று சான்று. எதற்கு அசல்? எங்கள் அலுவலகத்தில் நகலைச் சரிபார்த்தால் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்துவோம். நகல் உண்மையாகவே இருந்தாலும் நகல் நகல்தான். அதை வைத்துக்கொண்டு யாரும் நிலத்துக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. இங்கே நகலுக்கு அசல் என்று முத்திரை குத்துகிறார்கள்.

அடுத்தது கையெழுத்து. ‘சிக்னேச்சர் மாடல்’ என்கிறார்கள். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் ஒரு வழக்கம் பார்த்திருக்கிறேன். கையெழுத்துக்கு மேலே ‘லூ எ அப்ரூவே’ என்று கைப்பட எழுத வேண்டும். படித்தேன், ஒப்புகிறேன் என்று பொருள். உயிரோடு இருக்கும் கலைஞர் பட்டறைக்குப் போய், இந்தக் கழுத்து தடிமன், அந்த பிக்கப்பை நகர்த்து என்று சொல்லித் தன் பெயரைக் கொடுத்தால் அது கையெழுத்து. படித்தார், ஒப்பினார். செத்துப்போனவர் எதைப் படித்தார்? எதை ஒப்பினார்? அதுவும் கம்பெனி கொடுத்த மெட்டைப் பிடுங்கி எறிந்துதான் அந்த மனிதர் பெரிய ஆளானார். அவர் பெயரைப் போட்டு, “இதை அப்படியே வைத்துக்கொள்” என்று விற்பது எந்த ஊர் நியாயம்?

நியாயமாக, எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். இறந்தவர் பெயரில் விற்பதால் வாரிசுகளுக்கு நாலு காசு வரலாம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். புதுக் கருவியைப் பழசாக்குவதும் சாமானியக் கைவேலை அல்ல. எங்கே கை உராயும், எங்கே உராயாது என்று தெரிந்தவன்தான் செய்ய முடியும். தேய்ந்த கழுத்து கைக்கு இதமாக இருக்கும் என்று பேரன் வாதாடுகிறான். இருக்கட்டும். கஸ்டம் ஷாப்பில் ‘மாஸ்டர் பில்டர்’ ஆனவர்கள் தலைப்பகுதியின் பின்பக்கம் தங்கள் பெயரைப் போடுவதும் உண்டு. அதைப் படித்தபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அதுவும் பின்பக்கம்தான்.

அப்படியானால் இந்தக் கருவியில் உண்மையான கையெழுத்து எங்கே? தேடினேன், கிடைத்தது.

1950-களில் ஃபெண்டர் பட்டறையில் கழுத்து செதுக்கிய ததேயோ கோமஸ் என்ற தொழிலாளி இருந்தார். வேலை முடிந்ததும் கழுத்தின் அடிப்பக்கத்தில் பென்சிலால் ‘டி.ஜி.’ என்று எழுதித் தேதி போடுவார். அந்த இடம் உடம்போடு திருகிய பின் வெளியே தெரியாது. நான்கு திருகையும் கழற்றினால்தான் தெரியும். 1956-இல் வேலைக்குச் சேர்ந்த அபிகெய்ல் இபார்ரா என்ற அம்மாள் பிக்கப் சுற்றுவார். தலைமயிரைப் போல மெல்லிய செப்புக் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்று சுற்ற வேண்டும். ஐம்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்து 2013-இல் ஓய்வு பெற்றார். அந்த அம்மாளும் பிக்கப்பின் அடியில் தன் முதலெழுத்துகளைப் போடுவார்.

இதற்கு எங்கள் பாஷையில் சுருக்கொப்பம் என்று பெயர், பிரெஞ்சில் ‘பராஃப்’. கோப்பில் குறிப்பு எழுதிய குமாஸ்தா இடது ஓரத்தில் சின்னதாகப் போடுவது. அதிகாரி வலப்பக்கம் பெரிதாகக் கையெழுத்து இடுவார். ஊருக்குத் தெரிவது அந்தப் பெரிய கையெழுத்துதான். யார் உட்கார்ந்து எழுதினார்கள் என்று தெரியவேண்டுமானால் ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த ஓரத்தின் அருமை எனக்கு ஒரு தலைகுனிவில் தெரிந்தது. வேலையில் சேர்ந்த ஆறாவது வருடம். இறந்துபோன ஒரு பியூனின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியக் கோப்பு. சேவைப் புத்தகத்திலிருந்து ஒரு தேதியை நான் தவறாக எடுத்து எழுதிவிட்டேன். கோப்பு திரும்பி வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது. எட்டு மாதம். அந்த அம்மாள் இரண்டு சிறுபிள்ளைகளோடு அலுவலகத் திண்ணையில் வந்து உட்காருவார். ஒருநாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, கோப்பைத் திருப்பி, ஓரத்தில் இருந்த என் சுருக்கொப்பத்தின் மேல் விரலை வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மெமோ வந்தது. வந்தது நியாயம்தான். அந்த அம்மாளிடம் போய் “தப்பு என்னுடையது” என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “இப்ப சரியா போட்டீங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார். அதன்பின் ஓய்வு பெறும்வரை இரண்டு தடவை படிக்காமல் ஒரு காகிதத்தில் சுருக்கொப்பம் போட்டதில்லை.

கையெழுத்து என்பது இதற்காக. தப்பு நடந்தால் விரலை வைக்க ஓர் இடம் வேண்டும். அந்தக் கிட்டாரின் கழுத்து நாளைக்கு வளைந்தால் ஜாக்கோவின் பெயரில் விரல் வைத்து என்ன பயன்? ‘டி.ஜி.’ மேல் வைக்கலாம். எந்தக் கை, எந்தத் தேதி என்று அது சொல்லும். பொறுப்பை எடுத்துக்கொண்ட பெயர் பென்சிலில் உள்ளே ஒளிந்திருக்கிறது. எந்தப் பொறுப்பும் இல்லாத பெயருக்குத்தான் பல லட்சம்.

குறைந்த எண்ணிக்கையில் செய்து ‘லிமிடெட் எடிஷன்’ என்கிறார்களே, அதையும் கேட்கிறேன். உலகத்தில் உண்மையிலேயே லிமிடெட் எது? அந்த விரல்பலகை மரம். பழைய கிட்டார்களில் பிரேசில் நாட்டு ரோஸ்வுட். வெட்டித் தீர்த்து, 1992-இல் அதன் சர்வதேச வணிகத்துக்கே தடை வந்தது. அதற்குப் பதிலாக வந்தவற்றுள் முக்கியமானது இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம், தோதகத்தி என்போமே, அதுதான். அது வளர நம் ஆயுள் போதாது. அப்படிப்பட்ட மரத்தில் செய்த கருவி வாசிக்கப்பட வேண்டும். ‘சேகரிப்பு’ என்று பெட்டிக்குள் வைத்து, விலை ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மரம் வீண், சுற்றிய கம்பி வீண், பென்சில் பிடித்த கையும் வீண்.

பேரனுக்கு நேற்று நீளமாக எழுதினேன். சாதாரண ஜாஸ் பேஸ் ஒன்று வாங்கு, என் பங்கை அனுப்புகிறேன். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல ஆசிரியரிடம் போ. வாங்கியதும் ஒருநாள் அந்த நான்கு திருகையும் கழற்றி உள்ளே யார் பென்சிலாவது இருக்கிறதா என்று பார்த்துப் படம் அனுப்பு. கீறலை நீயே போட்டுக்கொள். அதற்கு இருபது வருடம் ஆகும், அவசரமில்லை. அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன், பரவாயில்லை.

நீல டிக் இரண்டும் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. அவன் அம்மாவிடம் விசாரித்தேன். “உங்க பேரன் கோபமா இருக்கான் மாமா, ஆனா நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சான்” என்றாள்.

இரண்டு தடவை படித்தானாம். எனக்கு அது போதும்.