வில்லின் கதை

இராமனின் கோதண்டத்தையும் அருச்சுனனின் காண்டீபத்தையும் அறியாத பிள்ளைகள் நம் இல்லங்களில் இலர். ஆயினும், அரசர்களும் அரண்மனைகளும் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வில் தோன்றிவிட்டது. ஆதி மனிதன் அதனை எதற்காக ஏந்தினான்? இவ்வினாவுக்கு நம் இலங்கைத் தீவின் குகையொன்று விடை பகர்கின்றது.

களுத்துறை மாவட்டத்தில், புளத்சிங்களவுக்கு அண்மையில், சீன யாத்திரிகர் பாகியனின் பெயரால் வழங்கும் பெருங்குகை ஒன்றுண்டு. அங்கே அகழ்ந்தெடுத்த 130 எலும்பு முனைகளைப் பற்றிய ஆராய்ச்சியை மிச்செல் லாங்லி என்பாரும் குழுவினரும் 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுள் மிகப் பழையவை ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பெரும்பாலானவை குரங்கின் எலும்பினால் ஆனவை.

இவை அம்பு முனைகளே என்று எவ்வாறு துணிந்தனர்? வில்லின் மரம் மட்கிப் போகும். நாண் இற்றுப் போகும். டென்மார்க்கின் சதுப்பு நிலத்தில் ஏறக்குறைய 9,000 ஆண்டுப் பழமையுள்ள வில் கிடைத்தது அரிதான பேறு. அதற்கும் முந்திய காலத்துக்கு முனைகளே சாட்சி. குகையில் கிடைத்த முனைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கியபோது, பெருவிசையோடு மோதியதால் உண்டான முறிவுகள் தெரிந்தன. ஈட்டியின் தலையில் பொருத்துவதற்கோ அவை மிகச் சிறியவை. ஆகவே, வில்லிலிருந்து பாய்ந்தவை என்று கொண்டனர்.

அக்குகை வாசிகள் மிகுதியாக உண்டவை குரங்குகளும் அணில்களும் ஆகும். இங்கேதான் வில்லின் தேவை விளங்குகின்றது. திரியாயை அடுத்த காட்டில் குரங்குக் கூட்டம் கிளைக்குக் கிளை தாவுவதைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அடர்ந்த மரங்களிடையே ஈட்டியை ஓங்கி எறிய இடமேது? வில்லோ, கை மெல்ல மெல்ல இழுத்த வலிமையைத் தன் வளைவில் சேர்த்து வைத்து, ஒரே கணத்தில் அம்புக்கு ஈந்துவிடுகிறது. வேடன் நின்ற இடத்தில் நின்றபடியே மர உச்சியை எட்டலாம்.

தென் ஆபிரிக்காவின் சிபுது குகையில் 60,000 ஆண்டுகளுக்கும் முந்திய அம்பு முனைகள் கிடைத்துள்ளன. பிரான்ஸ் நாட்டின் மாந்திரின் குகையில் 54,000 ஆண்டுப் பழமையான முனைகளைப் பற்றி 2023இல் அறிவித்தனர். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இலங்கைக் குகையின் முனைகள் திகழ்கின்றன.

நம் மாவட்டத்து மூதூர்ப் பகுதியில், தமிழ் பேசும் வேடர் மரபினர் இன்றும் வாழ்கின்றனர். இலங்கை வேடரின் வில்லையும் அம்பையும் செலிக்மன் என்பார் 1911இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ளார்.

மாணவர்களே! காவியங்களில் வில் பகைவரை வீழ்த்துகின்றது. பாகியன் குகையிலோ அது பசித்திருந்த பிள்ளைகளுக்கு உணவு தேடிற்று. ஈர்க்கை வளைத்து நூல் கட்டி விளையாடும் தம்பிக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.